அக்கா குர்தாவுக்கு அப்பா லுங்கி பார்டர்!

எங்கள் சின்னவள் பத்தாவது படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு யூனிஃபார்ம் வேண்டாம், கலர் டிரெஸ் போட்டு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். பீரோவைத் திறந்து, பெரியவள் காலேஜுக்குப் போட்டுவிட்டு ஒதுக்கிய வெள்ளை காட்டன் குர்தாவை எடுத்துக் கொடுத்தேன். துணி நல்ல துணி. கொஞ்சம் பழுப்பேறி, இடுப்புப் பக்கம் ஒரு குழம்புக் கறை.

“அக்கா போட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும்மா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சும்மா, தகவல் சொல்வது போலச் சொன்னாள். அந்த மாதம் புதுசு எடுக்க வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் சுருக்கென்றது.

பள்ளிகொண்டாவில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும், ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு எத்தனை பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அப்படிப் போய்ப் பல வருடம் ஷூவின் மேல்பாகம் தைத்தவர். குர்தாவை அவரிடம் கொண்டுபோனேன். லேஸ் வைக்கலாமா, மணி கோக்கலாமா என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க, அவர் அதை உள்பக்கம் திருப்பினார். அக்குள் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். சைடு ஸ்லிட் முடியும் இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“மொதல்ல இத்த கெட்டி பண்ணும்மா. அலங்காரம் அப்பறம்.”

ஷூ தைக்கிறவர்களின் கண் அது. நடக்கும்போது எந்த இடம் மடங்கும், எந்த இடம் இழுபடும் என்று பார்த்து அங்கே உள்ளே டேப் வைப்பார்கள், இரட்டைத் தையல் போடுவார்கள். துணியிலும் அப்படிச் சில இடங்கள்தான் முதலில் விடும்: அக்குள், ஸ்லிட்டின் மேல்முனை, பாக்கெட் மூலை, பேன்ட்டில் தொடையும் முட்டியும். நாம் பழைய துணியை எடுத்ததும் நேராக எம்ப்ராய்டரிக்குப் போய்விடுகிறோம். இரண்டாவது துவைப்பில் பூ அப்படியே இருக்கும், பூவைச் சுற்றித் துணி கிழிந்திருக்கும். நான் இரண்டு பிளவுஸ் அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

வெளிச்சத்தில் பிடித்தால் வலை மாதிரி இழை தெரிகிறதா? அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு வேஷ்டித் துணி வைத்து, வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டுவிட வேண்டும். வங்காளத்தில் பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இதே ஓட்டுத் தையலால் காந்தா போர்வை தைப்பார்கள். ஜப்பானில் நைந்த வேலைக்கார உடுப்பை நீலத் துணியும் வெள்ளை நூலுமாகத் தைத்ததுதான் சாஷிகோ. இன்று கடையில் விலை கேட்டால் தலை சுற்றும். இரண்டுமே ஒட்டுப் போட வந்த வேலைதான்.

அடுத்தது நிறம். இதற்கு முன்னால் துணி என்ன ரகம் என்று தெரிய வேண்டும். உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் கிடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் மாதிரி எரிந்து பஞ்சு போன்ற சாம்பலானால் காட்டன். உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக உருண்டால் பாலியஸ்டர். அதில் வீட்டுச் சாயம் ஏறாது, டீத்தூளை வீணாக்காதீர்கள்.

ஆமாம், டீத்தூள்தான். நாலு லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் டீத்தூளைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தூள் இல்லாமல் வடிகட்டினோம். தூள் ஒட்டிய இடம் திட்டுத் திட்டாகிவிடும். குர்தாவை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிறகு டீத்தண்ணீரில் அமுக்கி, ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்தோம். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளுக்கும், அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகவே விட வேண்டும். துருப்பிடித்த இரும்பு வாளி மட்டும் வேண்டாம். டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்களே, அந்தப் பட்டையில் இருப்பதும் இதே துவர்ப்புப் பொருள்தான். நம்மூருக்கு இது புதிய வித்தை இல்லை.

கடைச் சாயப் பாக்கெட்டும் வாங்கலாம். ஆனால், சாயத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று ஒரு நிமிடம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. தோல் கழிவால் பாலாறு கெட்ட கதைக்கு 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்த வட்டாரம் இது. டீத்தண்ணீர் என்றால் அந்த உறுத்தல் இல்லை. துவைக்கத் துவைக்க நிறம் மங்கும், மங்கினால் மறுபடி முக்கிக்கொள்ளலாம்.

காய்ந்ததும் குர்தா வெளிர் பழுப்பில் அழகாக வந்தது. தையல் நூல் மட்டும் வெள்ளையாகவே நின்றது, அது பாலியஸ்டர் நூல். வேண்டுமென்றே வேறு நூலில் தைத்த மாதிரி இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம்.

சின்னவள் அக்காவைவிட உயரம். மூன்று அங்குலமாவது கீழே சேர்க்க வேண்டும். வீட்டில் அவள் அப்பாவின் குடியாத்தம் லுங்கி ஒன்று, உட்காரும் இடத்தில் நைந்து கிடந்தது. லுங்கி எப்போதும் நடுவில்தான் போகும், இரண்டு ஓரமும் புதுசு மாதிரியே இருக்கும். சிவப்பும் கறுப்புமான கட்டம். ஓரத்திலிருந்து ஐந்து அங்குலப் பட்டை வெட்டிக் கீழே பார்டர், கை முனைக்குச் சின்னப் பட்டை, குழம்புக் கறையின் மேல் ஒரு பாக்கெட். கழுத்துப் பைப்பிங்குக்கு மட்டும் குறுக்காக, 45 டிகிரி சாய்த்து வெட்டச் சொன்னார் அக்கா. அப்போதுதான் வளைவில் சுருங்காமல் படியுமாம். சாய்த்து வெட்டியதில் கட்டம் டைமண்டாக மாறியது, கூடுதல் லாபம்.

சாயம் போகுமா என்று பார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் லுங்கித் துணியை நன்றாகத் தேயுங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசிவிட்டுத்தான் தைக்க வேண்டும். 1958-ல் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவுக்குப் போய், துவைத்ததும் சாயம் ஓடி, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்ததாக ஒரு கதை உண்டு. வியாபாரிகள் சமாளித்த விதம்தான் வேடிக்கை. சாயம் போவதுதான் இதன் சிறப்பு என்று சொல்லி, ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். அங்கே அது ஃபேஷன் ஆனது. உங்கள் வீட்டு வெள்ளைத் துணியில் ஆகாது, ஜாக்கிரதை.

தோல் துண்டு ஏதாவது வைத்துத் தைக்கலாமா என்றும் கேட்டேன். நம் பக்கம் வந்து அதை வைக்காமல் இருப்பதா? அக்கா சிரித்தார். அடிக்கடி துவைக்கும் துணியில் தோல் வைத்தால் விறைத்துப்போகும், அதன் சாயம் துணியில் இறங்கும். ஜீன்ஸ் முட்டிக்கு, துணிப்பையின் அடிக்கு, கைப்பிடிக்கு வைக்கலாம். தோலுக்கென்று முனை பட்டையான ஊசி தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். குண்டூசி குத்தாதீர்கள், தோலில் விழுந்த ஓட்டை மூடாது. துணி உலர்த்தும் கிளிப் போட்டுப் பிடித்தால் போதும். தையலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளித்தான் விழ வேண்டும். நெருக்கித் தைத்தால் தபால் தலையின் ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும்.

கடைசியில் மர பட்டன் ஆறு வாங்கி மாற்றினோம். பட்டன், நூல், டீத்தூள் எல்லாம் சேர்த்து நூறு ரூபாயைத் தாண்டவில்லை. நேரம்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

விழா முடிந்து வந்த சின்னவளிடம், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குர்தாவை மட்டும் தானே அலசி நிழலில் போட்டாள். வார லீவுக்கு வந்த பெரியவள் கொடியில் பார்த்துவிட்டு, “இது என்னுதுதானே, ஒரு நாளைக்குத் தாயேன்” என்றாள்.

இன்னும் தரவில்லை.