பழைய சேலையில் ஒரு போர்வை



வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் எதைத் தேடுகிறோம்? புதுத் துணியையா? இல்லையே! துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திச் சேலையையும் வேட்டியையும்தானே தேடுகிறோம். கடைத் துணியின் கஞ்சி பச்சைப் பிள்ளை உடம்பை உறுத்தும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூளி கட்டுவதும் அம்மா சேலையில்தான்.

ஆனால் அதே சேலையை அடுக்கித் தைத்து, போர்வையாக்கி மகளுக்குக் கொடுக்கலாம் என்றால் மட்டும் தயங்குகிறோம். "பழசைக் கொடுத்து அனுப்பிட்டா பாரு" என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதற்காகக் குழுவில் கடன் வாங்கிப் பளபளப்பான போர்வை வாங்கித் தருகிறோம். பாதிப் போர்வை பாலியெஸ்டர். வேர்த்தால் ஈரத்தை உறிஞ்சாது. போர்வை பிரிந்த பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

வங்காளத்துப் பெண்கள் இதில் வெட்கப்பட்டதே இல்லை. பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, அதாலேயே தைப்பார்கள். அதற்குப் பெயர் கந்தா. விற்பதற்காக அல்ல, பிறந்த பிள்ளைக்கு, கல்யாணம் ஆகிப் போகிற மகளுக்கு, வீட்டுக்கு வரும் மருமகனுக்கு என்று கொடுப்பதற்காகவே தைத்தார்கள். மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தன் அப்பாவுக்காகத் தைத்த ஒரு கந்தா, கொல்கத்தா பக்கம் ஜோக்காவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தன் பெயரையும் அதிலேயே தைத்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் எத்தனை பெண்களின் பெயர் இப்படி நின்றது, சொல்லுங்கள்!

சரி, நாம் எப்படித் தைப்பது?

சேலை பருத்தியாக இருக்கட்டும். ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால், ஒவ்வொன்றும் ஆறடி நீளம் வரும். இரண்டு சேலை என்றால் ஆறு அடுக்கு. ஒரு ஆள் போர்த்திக்கொள்ள இது போதும். முதலில் நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அடர்ந்த சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களைத் தனியாக நனைத்துப் பாருங்கள். சாயம் விட்டால் வேண்டாம். ஒன்று மற்ற ஐந்தையும் கெடுத்துவிடும். சேலை கொசுவம் சொருகும் இடத்திலும், தரையில் உரசும் கீழ் ஓரத்திலும்தான் சீக்கிரம் நையும். அந்தத் துண்டுகளை நடுவில் வைத்து, உறுதியானதை மேலும் கீழும் வையுங்கள். கிழிசல் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே மறைந்துவிடும்.

கூடத்துத் தரையைப் பெருக்கித் துடைத்து, ஒவ்வொரு அடுக்காகச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். நாலு மூலைக்கும் கனமாக எதையாவது வையுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையல் போட்டு அடுக்குகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் துணி நழுவி, முடிக்கும்போது ஒரு பக்கம் புடைத்து நிற்கும். அப்புறம்தான் ஓரத்தை மடித்து, இரண்டு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக நூல் ஓட்ட வேண்டும். கடைசியில் பெரிய தையலைப் பிரித்துவிடலாம்.

இப்படி ஓட்டினால் நாற்பது வரிசைக்குப் பக்கம் வரும். நாளைக்கு இரண்டு வரிசை போட்டாலும் இருபது நாள் ஆகும். மிஷினில் தைப்பவர்கள் 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அடுக்குக்கு மிஷின் திணறும், நாலு அடுக்கோடு நிறுத்துங்கள்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்து சித்தி இனப் பெண்கள், பழந்துணிப் போர்வை தைத்து முடித்ததும் நாலு மூலையிலும் துணியை மடித்து 'பூ' வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வையாம்! நாமும் வைக்கலாம், அழகாகத்தான் இருக்கும்.

கைக்குழந்தைக்குத் தைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு வயது ஆகும்வரை, தூங்கும் குழந்தையின் மேல் தளர்வான போர்வையைப் போடக்கூடாது, பக்கத்தில் தலையணை முட்டுக் கொடுக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். முகம் மூடினால் பிள்ளைக்கு விலக்கத் தெரியாது. மூச்சு முட்டிவிடும். அதனால் குழந்தைக்கு மெல்லிசாக மூன்று நாலு அடுக்கில் தையுங்கள். விழித்திருக்கும்போது கீழே விரித்து விளையாட விடவும், எண்ணெய் தேய்க்கும்போது மடியில் போட்டுக்கொள்ளவும் ஆகும். ஜரிகைக் கரை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், குத்தும். வளர்ந்ததும் போர்த்திக்கொள்ளட்டும்.

இன்னொன்று, யாருடைய சேலை என்பது. இறந்துபோன அம்மா சேலையில் தைத்தால் அம்மாவே பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும் என்பவர்கள் உண்டு. இறந்தவர் துணி வீட்டில் இருக்கக்கூடாது என்பவர்களும் உண்டு. இரண்டும் அவரவர் மனசு. வாங்கிக்கொள்ளப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு ஒட்ட முடியாது. கூரைச் சேலை என்றால் உடுத்தியவரையே கேளுங்கள்.

"எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன்" என்று ஊரில் கேட்கத்தான் செய்வார்கள். மகளுக்கும் தங்கச்சிக்கும் தைப்பது வேறு, இது வேறு. சேலை அவர்களுடையது என்றாலும் இருபது நாள் கை நம்முடையது. நூல், ஊசி, நாள் கணக்கைக் குழு நோட்டில் எழுதிவைத்து, கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பேச வாய் வராவிட்டால் ஊக்குநரைப் பேசச் சொல்லுங்கள்.

கொடுக்கும்போது துவைக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுங்கள். கல்லில் அடித்தால் தையல் விட்டுப்போகும். ஊறவைத்துக் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, கொடியில் நீளவாக்கில் போட வேண்டும். அடுக்குத் துணி என்பதால் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். திருப்பிப் போட்டு இன்னொரு வெயில் காட்டிய பிறகே மடித்து வைக்க வேண்டும்.