பளபளப்பைக் கண் அளப்பதில்லை, மூளையே ஊகிக்கிறது

புது தில்லி: எவர்சில்வர் பாத்திரம், மெழுகு பூசிய ஆப்பிள், ஈரமான சாலை ஆகியவற்றின் பளபளப்பை நொடியில் உணர்கிறோம். ஆனால், ஒரு பரப்பு எவ்வளவு ஒளியைப் பிரதிபலிக்கிறது என்பதைக் கண் நேரடியாக அளப்பதில்லை. பரப்பில் தோன்றும் ஒளிப்புள்ளிகளைக் கொண்டு மூளையே அதை ஊகிக்கிறது.

அப்புள்ளிகள் பிரகாசமாகவும், விளிம்பு தெளிவாகவும் இருந்தால் பளபளப்பு மிகுதியாகத் தோன்றும். பரப்பின் வளைவோடும் நிழலோடும் அவை பொருந்தவும் வேண்டும். ஒரு படத்தில் அவற்றை இடம் மாற்றி வைத்தால், வெறும் வெண்கறைகளாகவே தெரியும்.

இரு கண்களாலும் பார்க்கையில், குவிந்த பரப்பின் ஒளிப்புள்ளி சற்றுப் பின்னால் இருப்பதுபோல அமைகிறது. இந்த ஆழ வேறுபாட்டையும் மூளை பயன்படுத்துவதை ஆண்ட்ரூ பிளேக், ஹைன்ரிக் புல்தாஃப் ஆகியோர் 1990-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினர்.

இந்த ஊகம் தவறுவதும் உண்டு. பரப்பின் தன்மை மாறாவிட்டாலும், அதன் மேடுபள்ளமோ வெளிச்சமோ மாறினால் பளபளப்பு கூடியோ குறைந்தோ தோன்றுவதாக 2012-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஆகவே, கடை விளக்கொளியில் மின்னும் பொருளை, பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பின்னரே மதிப்பிடுவது நல்லது.