டொக் வொட்சனின் கிற்றார்: ஒரு கச்சேரிப் பதிவு பற்றி

ஜிம் றீவ்ஸின் பாடல்களைக் கேட்டிராத வானொலி நேயர்கள் நம் நாட்டில் குறைவு. அமெரிக்கக் 'கன்ற்றி' இசை என்றதும் அந்த மென்மையான குரலும், பின்னால் இழையும் வயலின்களுமே நம்மிற் பலருக்கு நினைவு வரும். 1964இல் விமான விபத்தில் மறைந்த றீவ்ஸ், நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் மெருகேற்றப்பட்ட இசையைத் தந்தவர். அந்த மெருகு எதுவும் இல்லாத இன்னொரு கன்ற்றி இசையும் உண்டு. ஒரு குரல், ஒரு கிற்றார், சிறிய அறை ஒன்று. அவ்வளவுதான். அதை அறிய விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது, 'லைவ் அற் கிளப் 47' என்ற டொக் வொட்சனின் கச்சேரிப் பதிவு. 1963 பெப்ரவரியில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிப்பதிவான இக்கச்சேரி, 2018இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது. வொட்சன் அப்போது உயிருடன் இல்லை. 2012இல், தமது 89ஆவது வயதில் அவர் காலமாகிவிட்டார்.

ஆர்தெல் லேன் வொட்சன் என்பது இயற்பெயர். 1923 மார்ச்சில் நோர்த் கரோலைனா மாநிலத்தின் மலைப்பகுதியான டீப் கப்பில் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் கண்ணில் ஏற்பட்ட நோயினால் பார்வை போய்விட்டது. 'டொக்' என்ற பெயர் வந்தது வேடிக்கையானது. வானொலி நிகழ்ச்சியொன்றில் அறிவிப்பாளருக்கு 'ஆர்தெல்' என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'டொக் என்று கூப்பிடுங்கள்' என்று கூட்டத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்களாம். ஷேர்லக் ஹோம்ஸின் நண்பர் டொக்டர் வொட்சன் அந்த இரசிகரின் மனதில் இருந்திருக்க வேண்டும். பெயர் நிலைத்துவிட்டது.

தந்தையார் கையால் செய்து கொடுத்த பான்ஜோ, வீட்டுப் பெரியவர்கள் பாடிய பழம் பாடல்கள் - இவைதாம் அவருடைய முதற் பாடசாலை என்று எழுதுவது வழக்கம். அது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் கையால் முறுக்கி ஓடவிடும் கிராமபோன் பெட்டியும் இருந்தது. 1927இல் முதன்முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட காட்டர் குடும்பத்தினர், ஜிமி றொட்ஜேர்ஸ் ஆகியோரின் தட்டுக்கள் வழியாகவும் பாட்டுக்கள் அந்தச் சிறுவனை வந்தடைந்தன. 'நாட்டார் மரபு' என்று நாம் சொல்லும்போது, இயந்திரம் தொடாத ஏதோ ஒன்றைக் கற்பனை செய்கிறோம். வொட்சனின் கதை அப்படிப்பட்டதன்று. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு.

1950களில் அவர் வாசித்தது மின்சாரக் கிற்றார்! ஜக் வில்லியம்ஸ் என்பவரின் நடன இசைக்குழுவில் பல ஆண்டுகள் இருந்தார். பியானோக்களுக்குச் சுருதி கூட்டிக் கொடுப்பது இன்னொரு வருமானம். அந்தக் குழுவில் ஃபிடில், அதாவது வயலின் வாசிக்க ஆளில்லை. ஆட வந்தவர்களோ பழைய ஃபிடில் மெட்டுக்களைக் கேட்டார்கள். எனவே அந்த மெட்டுக்களைச் சுரம் பிசகாமல் கிற்றாரிலேயே வாசிக்க அவர் பழகிக்கொண்டார். ஹாங்க் கார்லன்ட், கிறேடி மார்ட்டின் போன்றோர் மின்சாரக் கிற்றாரில் ஏற்கெனவே இதைச் செய்து காட்டியிருந்தனர்.

1960இல் ஆய்வாளர் றல்ஃப் றின்ஸ்லர், கிளாறன்ஸ் ஆஷ்லி என்ற முதிய பாடகரை ஒலிப்பதிவு செய்ய அந்தப் பகுதிக்கு வந்தார். துணைக்கு வாசிக்க வொட்சன் மின்சாரக் கிற்றாருடன் வந்து நின்றார். றின்ஸ்லருக்கு அது வேண்டியிருக்கவில்லை. மரக் கிற்றார்தான் வேண்டும், பழைய பாட்டுக்கள்தான் வேண்டும் என்றார். நகரத்து மாணவர்களுக்கு இந்த மலைப் பாட்டுக்களில் என்ன வேலை என்பதே வொட்சனின் ஐயமாக இருந்தது. ஆனால் பிழைப்புக்கு ஒரு வழி திறந்தது. மனைவி, இரு பிள்ளைகள். பார்வையற்றோருக்கான அரசாங்க உதவிப் பணத்தில் காலம் தள்ளிய குடும்பம் அது. கண் தெரியாத அந்த மனிதர் தனியாகப் பஸ் ஏறி நியூயோர்க் வரை போய் வாசித்துத் திரும்பினார். கிளப் 47 மேடையில் அவர் அமர்ந்தபோது நாற்பது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. ஓர் இளைஞனின் அரங்கேற்றம் என்று இதைக் கொள்ள முடியாது. நடுவயதில், குடும்பத்துக்காக, தமது இசையையே ஓரளவு மாற்றிக்கொண்ட ஒருவரின் கச்சேரி இது.

இனி வாசிப்பைப் பார்ப்போம். 'பில்லி இன் த லோ கிரவுண்ட்' என்பது பழைய ஃபிடில் மெட்டு. வில்லை இழுத்தால் ஃபிடிலில் சுரங்கள் தாமாக வழுக்கிச் செல்லும். கிற்றாரில் அப்படி வராது. விரல்களிடையே பிடித்த சிறு தகட்டினால் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தட்டவேண்டும். கீழ்நோக்கி ஒன்று, மேல்நோக்கி ஒன்று என்று வலது கை மாறி மாறி அசைகிறது. வேகம் கூடினாலும் ஒரு சுரமும் மங்குவதில்லை. அதற்கு முன் இத்தகைய குழுக்களில் கிற்றார் பெரும்பாலும் தாளத்துக்குத்தான். பாட்டை எடுத்துச் சென்றவை ஃபிடிலும் பான்ஜோவும். வொட்சனுக்குப் பின் மரக் கிற்றார் முன்வரிசைக்கு வந்துவிட்டது. இன்று 'மரபுவழி வாசிப்பு' என்று போற்றப்படும் இந்த முறை, ஃபிடில்காரர் இல்லாத ஒரு மின்சார நடனக் குழுவிலே பழகப்பட்டது என்பதுதான் இதிலுள்ள சுவை. பழமையைத் தேடி வந்த கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கைதட்டியது, பத்து வருடம்கூட நிறையாத ஒரு புதுமைக்கு!

'புளூ ஸ்மோக்', 'டீப் றிவர் புளூஸ்' ஆகியவற்றில் வேறொரு முறை. இது மேர்ல் ற்றாவிஸிடமிருந்து கற்றது. பெருவிரல் கீழ்த் தந்திகளில் ஒரே சீராக மாறி மாறி அடிக்கிறது. ஆட்காட்டி விரல் மேல் தந்திகளில் மெட்டைப் பாடுகிறது. கண்ணை மூடிக் கேட்டால் இருவர் வாசிப்பதாகத் தோன்றும்.

'த ஹவுஸ் காப்பென்ரர்' பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களோடு கடல் தாண்டிய கதைப்பாடல். தச்சனான கணவனையும் குழந்தையையும் விட்டுப் பழைய காதலனுடன் கப்பலேறும் ஒருத்தியின் கதை, கப்பல் மூழ்குகிறது. இத்தகைய பாட்டில் வொட்சன் அழுவதில்லை, குரலை உயர்த்துவதுமில்லை. செய்தி சொல்வது போலப் பாடிச் செல்கிறார். துயரம் கேட்பவரிடம்தான் சேர்கிறது. எனக்கு இந்தப் பதிவில் மிகவும் பிடித்தது இதுதான்.

சில பாட்டுக்களில் றின்ஸ்லரும், ஜோன் ஹெரல்ட் என்ற கிற்றார்க் கலைஞரும் சேர்ந்துகொள்கிறார்கள். அவை கலகலப்பானவை, ஆயினும் வொட்சன் தனியே வாசிப்பவற்றின் தரத்தை அவை எட்டுவதாக நான் நினைக்கவில்லை. மாறாக, பாட்டுக்களுக்கிடையே அவர் கதைப்பதைத் தவறவிடக்கூடாது. பாட்டு எங்கிருந்து வந்தது, யாரிடம் கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொல்கிறார்.

அடுத்த ஆண்டே, 1964இல், பதினைந்து வயது மகன் மேர்ல் கிற்றார் பழகித் தந்தையுடன் மேடையேறினான். அதன் பின் பயணத்துக்கும் வழித்துணை கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேலாக இருவரும் சேர்ந்து வாசித்தனர். 1985இல் உழவு இயந்திர விபத்தில் மேர்ல் இறந்தார். அவர் நினைவாக 1988இல் நோர்த் கரோலைனாவின் வில்க்ஸ்பரோவில் 'மேர்ல்ஃபெஸ்ற்' என்ற இசை விழா தொடங்கப்பட்டது. தந்தையும் மகனும் சேர்ந்து வாசிப்பதைக் கேட்க விரும்புவோர், 'டொக் வொட்சன் ஒன் ஸ்ரேஜ்' என்ற இரட்டை இசைத்தட்டைத் தேடிப் பெறலாம். அதுவும் கச்சேரிப் பதிவே. முதலில் கிளப் 47ஐக் கேட்டுவிட்டு அதற்குப் போனால், இரண்டாவது கிற்றார் எந்த இடங்களில் நுழைகிறது என்பது தெளிவாகக் காதில் விழும்.