சொத்து யார் கைக்குப் போகும்?

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிச் சீவலப்பேரிக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வார்கள். ஒன்று, துர்க்கையம்மனைத் தரிசிப்பது. மற்றொன்று, ஆற்றங்கரைக்குப் போய், குற்றாலத்துப் பக்கமிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடத்தைப் பார்ப்பது. கலந்த பிறகு எது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கல்யாண வீட்டில் வாழ்த்துரை வழங்குகிறவர்களுக்கு இது நல்ல உவமை. ஆனால் மனிதர்கள் ஆறுகள் அல்லவே! கலந்தவர்களைப் பிரிக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு 1949-லேயே விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது; 1955-ல் பாராளுமன்றம் இந்து விவாகச் சட்டத்தை இயற்றியது. கோர்ட்டுத் தீர்ப்போடு கணவன் மனைவி உறவு அறுந்து போகிறது. அறாமல் நடுவிலே நிற்பது குழந்தை.

உதாரணத்துக்குச் சீவலப்பேரியில் ஒரு தாயை வைத்துக் கொள்வோம். பெயர் வேண்டாம். பள்ளிக்கூட ஆசிரியை, விவாகரத்தாகி நாலு வருஷம். எட்டு வயதில் ஒரே மகள். அப்பா எழுதி வைத்த கொஞ்சம் நன்செய், தம் சம்பாத்தியத்தில் கட்டிய சிறு வீடு, பாங்கியில் கொஞ்சம் பணம், ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி. "உயில் எழுதி வைக்கலாமா?" என்று அவள் வாயெடுத்தால் வீட்டிலே ஆச்சிக்குக் கோபம் வந்துவிடும்.

"ஏட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில என்ன பேச்சு பேசுத? உனக்கப்புறம் எல்லாம் பிள்ளைக்குத்தானே! இதுக்கு ஒரு காயிதமா?"

ஆச்சி சொல்வதில் பாதி சரிதான். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, விவாகரத்தான கணவன் மனைவிக்கு வாரிசு அல்ல. சொத்து முழுவதும் மகளுக்கே.

சங்கடம் மற்றப் பாதியில் இருக்கிறது. எட்டு வயதுப் பெண் மைனர். தாய் போய்விட்டால், அதே 1956-ல் வந்த இன்னொரு சட்டப்படி, அவளுக்கும் அவள் சொத்துக்கும் இயற்கைப் பாதுகாவலர் தகப்பனார். தீர்ப்பு அவரைக் கணவன் ஸ்தானத்திலிருந்து நீக்கியதே தவிர, தகப்பன் ஸ்தானத்திலிருந்து நீக்கவில்லை. மகளின் வீட்டையோ நிலத்தையோ அவர் நினைத்தபடி விற்க முடியாது. அதற்குக் கோர்ட்டு அனுமதி வேண்டும். ஆனால் வீட்டுச் சாவியும் குத்தகை நெல்லும் அவர் கைக்கு வந்துவிடும். அவர் நல்ல மனிதராகவும் இருக்கலாம். பிரிந்து போன கணவர்களெல்லாம் கொடியவர்கள் என்பது தொடர்கதைகளில் மட்டும்தான்! ஆனாலும், யார் கையில் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தாய் ஏன் விட்டுக் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று உண்டு. சொல்ல நாக் கூசுகிறது, சட்டம் கூசுவதில்லை. அந்த மகள் பிற்பாடு சந்ததியில்லாமல் காலமானால், தாய்க்கு வாரிசாகி அவள் அடைந்த சொத்து யாருக்குச் சேரும்? அவளுடைய தகப்பனாரின் வாரிசுகளுக்கு. அதாவது ஆச்சி வீட்டார் தலைமுறையாக உழுத வயல், உறவே வேண்டாமென்று கோர்ட்டுப் படியேறிப் பிரிந்த வீட்டாருக்குப் போய்விடும். மகனாயிருந்து, அவன் கல்யாணமாகாமல் இறந்தாலும் தகப்பனாருக்கே சேரும். உயில் எழுதாத தாய்மார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதையெல்லாம் மாற்ற ஒரு தாள் போதும். "சொத்து என் மகளுக்கு, அவள் பதினெட்டு வயது நிரம்புவதற்குள் காலமானால் என் அண்ணன் பிள்ளைகளுக்கு" என்று எழுதலாம். அதுவரை நிலத்தையும் பணத்தையும் நிர்வகித்து, பள்ளிக்கூடச் சம்பளமும் துணிமணியும் கொடுத்துவர, நம்பிக்கையான ஒருவரை டிரஸ்டியாக நியமிக்கலாம். சொத்து டிரஸ்டி வசம் இருக்கும்போது, பாதுகாவலர் என்ற முறையில் தகப்பனார் அதை நிர்வகிக்க வருவதற்கில்லை. அந்த ஒருவர் அண்ணாச்சியாகவும் இருக்கலாம், வெளியாராகவும் இருக்கலாம். பாசம் மட்டும் போதாது. கணக்கு எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அவ்வளவு சுலபமாக எழுதிவிட முடியாது. தகப்பனார் உயிரோடு, தகுதியோடு இருக்கையில், தாயின் உயில் அவரை ஒரேயடியாக விலக்கி வைக்காது. வழக்கு வந்தால் குழந்தையின் நலனைத்தான் கோர்ட்டு முக்கியமாகப் பார்க்கும். ஆனால் 1890-ஆம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டம், காலமான பெற்றோரின் விருப்பத்தையும் கவனிக்கச் சொல்கிறது. ஆகவே விருப்பத்தைக் காரணத்தோடு எழுதி வைப்பது வீண் போகாது.

தாய்க்கு இந்த விஷயத்தில் எவ்வளவு உரிமை என்பதே வெகுகாலம் இழுபறியாக இருந்தது. கோயமுத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் ரிசர்வ் பாங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தகப்பனாரின் கையெழுத்து வேண்டுமென்று திருப்பி அனுப்பினார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். விவாகரத்து வழக்கு நடந்து கொண்டிருந்த வந்தனா சிவாவின் மனுவும் அதோடு சேர்ந்தது. தகப்பனாருக்குப் "பிறகு" தாய் என்று சட்டத்தில் இருந்ததை, அவர் கவனிக்காமல் விலகியிருக்கும்போதும் தாயே பாதுகாவலர் என்று பொருள் கொள்ள வேண்டும் என 1999 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. 'பிறகு' என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் காண நாற்பத்து மூன்று வருஷம்!

தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. மறுமணம் செய்து கொண்டாலும் முதல் தாரத்துப் பிள்ளைகள் உங்கள் வாரிசுகளே. உயில் இல்லாவிட்டால், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் அவர்களுக்கும், புது மனைவிக்கும், அவள் பிள்ளைகளுக்கும், உங்கள் தாயாருக்கும் சமபங்கு. அந்தப் பங்கை வாங்க ஒரு சிறுவன் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஆசையாக எழுதிய பழைய உயில் பெட்டியில் கிடக்கிறதா? உடனே எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் விவாகரத்தானால், பழைய உயிலைப் பொறுத்தவரை முன்னாள் துணை இறந்து போனவராகவே கருதப்படுவார். நம் சட்டத்தில் அப்படி ஏற்பாடு இல்லை. மாற்றி எழுதாவிட்டால் பழைய உயிலே பேசும். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அப்படித்தான். நாமினியாக எழுதிய பெயரை நீங்கள் மாற்றும் வரையில் அது அங்கேயே இருக்கும். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு நேர்மாறான ஓர் ஆபத்து உண்டு. அவர்கள் மறுமணம் செய்து கொண்டால், அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி இல்லை. முஸ்லிம்களுக்கு உயில் விஷயத்தில் தனி விதிகள் உண்டு. சாதாரணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமில்லாமல் எழுத முடியாது.

எழுதுவது பெரிய வித்தையல்ல. ஸ்டாம்புக் காகிதம் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாமலிருப்பது நல்லது. ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை. செய்தால் பின்னால் சச்சரவு குறையும். ஊருக்குத் தெரிய வேண்டாமென்றால், உறையிலிட்டு முத்திரை வைத்து ஜில்லா ரிஜிஸ்திராரிடம் ஒப்படைக்கவும் வழியிருக்கிறது. டிரஸ்டி நியமிப்பதானால் மட்டும் வக்கீலிடம் ஒரு தடவை காட்டி விடுங்கள்.

சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். நாளைக்கு அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து, "ஆமாம், என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆச்சி எவ்வளவுதான் நம்பிக்கையானவளாக இருந்தாலும், அவளைச் சாட்சியாகப் போட வேண்டாம். உயில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லி வைத்தால் போதும்.