நாய்க் காப்பகக் கட்டணம்

நாய்க் காப்பகக் கட்டணம் என்பது, உரிமையாளர் வெளியூர் செல்லும்போது வளர்ப்பு நாயைக் காப்பகத்தில் விட்டுச் செல்வதற்கு நாள் கணக்கில் செலுத்தும் தொகையாகும். நாயின் உடல் அளவு, உணவு, தனி அறை ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

வ.உ.சி. துறைமுகம் அமைந்த தூத்துக்குடி போன்ற ஊரில் இச்செலவின் கணக்கே வேறு. கல்யாணத்துக்கு மூன்று நாள் செல்பவருக்குச் சிறிதாகத் தெரியும் கட்டணம், கப்பலில் வேலை செய்பவருக்குப் பெருந்தொகையாகிவிடும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒருவர் தொடர்ந்து கப்பலில் பணிபுரியும் காலம் 12 மாதங்களுக்குள் இருக்க வேண்டும். ஆறு, ஒன்பது மாத ஒப்பந்தங்கள் வழக்கமானவை. நாளொன்றுக்கு 400 ரூபாய் என வைத்துக்கொண்டால், 180 நாள்களுக்கு 72,000 ரூபாய். உறவினர் வீட்டில் விட்டுச் சாப்பாட்டுச் செலவை மட்டும் கொடுப்பது இதைவிட மிகவும் மலிவு.

கோவில்பட்டி வட்டாரத்தில் வளர்க்கப்படும் கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு ஓடுவதற்கு இடம் வேண்டும். சிறு கூண்டு அவற்றுக்குப் பொருந்தாது. கட்டணம் குறைவு என்பது மட்டும் காரணமாகாது.

பல நாய்களை நெருக்கமாக அடைத்து வைக்கும் இடங்களில் கூண்டிருமல் எளிதில் பரவும். பார்வோ வைரசு தரையிலும் பாத்திரங்களிலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு உயிராபத்து. மருத்துவச் செலவு காப்பகக் கட்டணத்தையே மிஞ்சிவிடலாம். எனவே வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக்கூடக் கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் மலிவானதன்று. தடுப்பூசி பலன்தரச் சில நாள்கள் ஆகும் என்பதால், பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.