கதவுக்கும் சோர்வு உண்டு

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காட்டைக் கடந்து மறையூர் வழியாக மூணாறு செல்லும் மலைப்பாதை வளைவுகள் நிறைந்தது. இத்தகைய பாதைகளில் ஓடிய பழைய கார்களுள் அம்பாசிடரும் ஒன்று. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு வரை உருவாக்கப்பட்ட இக்கார், உறுதிக்குப் பெயர் பெற்றது. அத்தகைய காரின் கதவும் ஒருநாள் கீல் முறிந்து தொங்குவது ஏன்?

கதவைத் தாங்கித் திருப்பும் இணைப்பே கீல்; மலையாளத்தில் இதனை விஜாகிரி என்பர். திறந்த கதவின் எடை முழுவதையும் மேலும் கீழுமாக உள்ள இரு சிறு கீல்களே சுமக்கின்றன. அவற்றுள் மேற்கீலே மிகுதியாக இழுபடுகிறது. நாளொன்றுக்குப் 10 முறை கதவு திறக்கப்பட்டால், 40 ஆண்டுகளில் 1,46,000 முறை அக்கீல் இழுபடும். கரடுமுரடான சாலையின் அதிர்வுகளோ எண்ணில் அடங்கா.

மெல்லிய கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறியாது. அதே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். கீல் அடையும் வளைவு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. ஆயினும், ஒருமுறை எளிதில் தாங்கிய சுமையே மீண்டும் மீண்டும் வந்து உலோகத்தை முறித்துவிடுகிறது. இதுவே உலோகச் சோர்வு. மனிதர் உறங்கி எழுந்தால் சோர்வு நீங்கும்; உலோகத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இரயில் வண்டிகளின் அச்சுகள் இவ்வாறே முறிந்தன. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அவற்றைப் பல ஆண்டுகள் சோதித்து, சுமை குறையக் குறைய உலோகம் தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை கூடுவதைக் காட்டினார்.

விரிசல் பெரும்பாலும் திருகுத் துளையின் விளிம்பிலோ, கூரிய மூலையிலோ, துரு அரித்த குழியிலோ பிறக்கிறது. மறையூர் மழைமறைவுப் பகுதி; ஆனால் மூணாற்று மழையில் நனைந்து வரும் காருக்கு அதனால் என்ன பயன்? கதவினுள் தேங்கிய நீர் துருவை வளர்க்கிறது. முறிந்த கீலை உற்று நோக்கினால் அதன் வரலாறு தெரியும். மெல்ல வளர்ந்த பகுதி வழவழப்பாக, கிளிஞ்சலின் வரிகளைப் போன்ற கோடுகளுடன் காணப்படலாம். இறுதியில் சட்டென முறிந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும்.

ஆகவே இம்முறிவு திடீர் முறிவன்று. தாழ்ந்து தொங்கும் கதவு, தூக்கிச் சாத்த வேண்டிய நிலை, கீலருகே வண்ணப்பூச்சில் மெல்லிய கீறல் ஆகியவை முன்னறிவிப்புகள். கொண்டைஊசி வளைவில் கதவு திறந்துகொண்டால் உள்ளிருப்பவர் உயிருக்கே ஆபத்து.

விரிசலின் மேல் பற்றவைப்பை மட்டும் பூசினால் உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். கதவுத் தகட்டில் தோன்றிய விரிசலாயின், தேர்ந்த பணியாளர் அதன் நுனியில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுப்பார். பின்னர் விரிசலை முழுவதும் தேய்த்து நீக்கியே பற்றவைப்பார். விரிந்த கீலையோ புதிதாக மாற்றிவிடுவார்.