எண்ணூரில் கப்பலில் வந்து இறங்குது... நெல் வயலில் தானாவே கிளம்புது! - மீத்தேனைக் குறைக்கும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு 2019 முதல் கப்பல்களில் வருகிறது திரவ இயற்கை எரிவாயு. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, கசியாமல் கொண்டுவரப்படும் இந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். பக்கத்து மணலியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் தொழிற்சாலை, குழாய் வழியே இதைப் பெற்றுத்தான் யூரியா தயாரிக்கிறது.

அந்த யூரியா போய்ச்சேரும் நெல் வயல்களிலும் மீத்தேன் உண்டு. ஆனால், அங்கே அதை யாரும் அடைத்து வைப்பதில்லை. நேராகக் காற்றில் கலந்துவிடுகிறது.

எப்படி உருவாகிறது?

வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள், மட்கும் வைக்கோல், வேர்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றறைகள் வழியாகவே அதில் பெரும்பங்கு வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைப்போல சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு இது.

ஒரு துண்டுக் குழாய் போதும்!

தீர்வு, நம் விவசாயிகள் அறிந்த ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’தான். சுமார் 30 செ.மீ. நீளக் குழாயில் துளையிட்டு, பாதிக்கு மேல் வயலில் புதைக்க வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகே அடுத்த பாய்ச்சல். நடவு முடிந்த முதல் இரண்டு வாரங்களிலும், பூக்கும் பருவத்திலும் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். மண்ணுக்குள் காற்று போவதால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தண்ணீரும் 30% வரை மிச்சம். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது.

யூரியாவில் கவனம்

காய்ந்து காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவை அள்ளி இறைத்தால், நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு கிளம்பும். இது கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு வீரியம் கொண்டது. இலை வண்ண அட்டையை வைத்து, பயிரின் பச்சையைப் பார்த்துத் தேவையான அளவு மட்டும் யூரியா போடுவதே நல்லது.

ஏன் தயக்கம்?

தேங்கிய தண்ணீர் களையை அடக்கும். காயவிட்டால் களை எடுக்கும் செலவு கூடும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டார் ஓடும் நேரம் குறைந்தாலும் கையில் காசு மிச்சமாவதில்லை. இதைவிடப் பெரிய பயம், டெல்டாவின் கடைமடையில் இருக்கிறது. அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர், வந்த தண்ணீரை வயலில் தேக்கித்தான் வைப்பார். சொன்ன தேதியில் கடைமடை வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான், அவர் துணிந்து வயலைக் காயப்போடுவார்.